மூட்டையோடு நின்றுவிடும் வழக்குகள்

ராமநாதபுரம் மாவட்டக் காவல்துறைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும்,

வணக்கம். போதைப்பொருள் வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர்கள் எழுதுகிறோம். கீழே சொல்லும் ஓட்டைகளை வைத்து ஜாமீன் கேட்பவர்களும் நாங்கள்தான்.

2024 மார்ச்சில் மண்டபம் கடலில் 99 கிலோ ஹஷீஷ் (கஞ்சா பிசின்) பிடிபட்டது ஊரறிந்த செய்தி. ஆனால் சரக்கு போனதால் ஒரு கும்பல் கவிழ்ந்துவிடாது. நகரத்தில் பணம் போடுபவர், வண்டியில் ஏற்றி வருபவர், கரையில் பதுக்குபவர், ஃபைபர் படகு ஓட்டுபவர் என ஒவ்வொருவருக்கும் அடுத்த ஆளை மட்டுமே தெரியும். மாட்டுவது பெரும்பாலும் படகுக்காரப் பையன். அவனுக்கு மாற்றாள் கிடைக்க எத்தனை நாள் ஆகும்?

வழக்கு முதலில் ஆட்டம் காண்பது எடையில். போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி (NDPS) கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு, அதாவது கடும் தண்டனைக்குரிய அளவு. அந்தச் சட்டத்தின் 37-வது பிரிவின் ஜாமீன் கெடுபிடியும் அந்த அளவுக்குப் பொருந்தும். கடல்நீரில் ஊறிய மூட்டையைச் சாக்கோடு நிறுத்து 22 கிலோ என்று மகஜரில் (பறிமுதல் குறிப்பில்) எழுதுகிறீர்கள். மாஜிஸ்திரேட் முன்னால் மறுபடி நிறுக்கும்போது அது காய்ந்து 19-க்கு இறங்கியிருக்கும். பூ, காய் உள்ள நுனிதான் சட்டப்படி கஞ்சா என்பதால், தண்டையும் சேர்த்து நிறுத்ததை எதிர்த்தரப்பு சும்மா விடாது. சாக்கைக் கழித்து, பொட்டலம் பொட்டலமாக நிறுங்கள். ஈரமாக இருந்ததை மகஜரிலேயே குறியுங்கள்.

மாதிரி எடுப்பதும் மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் நடக்க வேண்டும், 52ஏ பிரிவுப்படி. 2022 விதிகளில் கஞ்சாவுக்கு 24 கிராம் வீதம் இரண்டு மாதிரி. கரையிலேயே எடுத்து சீல் வைத்தால் வாதத்துக்கு இடம் கொடுக்கிறீர்கள்.

வாக்குமூலத்தை நம்பாதீர்கள். போலீசிடம் சொன்னது என்றைக்குமே செல்லாது. மற்ற துறைகள் 67-வது பிரிவில் வாங்குவதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தூஃபான் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. படகைப் பறிமுதல் செய்கிறீர்கள், சரி. இன்ஜினின் சீரியல் நம்பரை வைத்துக் கடை பில்லைத் தேடினால் பணம் கட்டியவர் பெயர் வரும். பணம் போட்டவருக்கு 27ஏ பிரிவில் 10 முதல் 20 ஆண்டு வரை தண்டனை உண்டு. அவரது சொத்தை 68எஃப் பிரிவில் முடக்கலாம். 30 நாளுக்குள் தகுதிபெற்ற அதிகாரி உறுதி செய்யாவிட்டால் அந்த உத்தரவு காலாவதி.

வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் இருக்கிறது. பணத்தடத்தைக் கடைசி மாதத்தில் தேடத் தொடங்குவதை நிறுத்திவிட்டு, சொத்து விவரக் கோப்பைக் கைதான முதல் வாரத்திலேயே திறக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்கள் சிலர்