சைக்கிளில் வந்த கொள்ளைக்காரர்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று படித்தபோது மனம் நிம்மதியடைந்தது.

போன வாரம் இங்கே ஒரு குறும்படப் போட்டிக்கு நடுவராக இருந்தேன். இரண்டு நாளில் 22 படங்கள். உடன் இருந்த நடுவர், "பாவம், கைக்காசு போட்டு எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லிச் சொல்லி மதிப்பெண்ணைக் கூட்டினார். நீயும் அப்படித்தான் எழுதியிருந்தாய்: பெரிய கம்பெனிப் படத்தோடு இவர்களை ஒப்பிடாதே, சலுகை கொடு என்று. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

மாலேகாவ்காரர்களை நினைத்துப் பார். மாலேகாவ், மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் விசைத்தறி ஓடும் ஊர். வீடியோ கொட்டகை நடத்திய நாசிர் ஷேக், ஊர் ஆட்களை வைத்தே 'மாலேகாவ் கே ஷோலே' எடுத்தார். 1975இல் வந்த அசல் இந்திப் படமான ஷோலேயில் ரயில் கொள்ளைக் காட்சிக்கு மட்டும் ஏழு வாரம் படப்பிடிப்பு நடந்ததாம். இவர்களிடம் குதிரைகூடக் கிடையாது. கொள்ளைக்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். பிறகு சூப்பர்மேன் எடுத்தார்கள். நாயகன் ஒல்லியான தறித் தொழிலாளி. பின்னால் பச்சைத் துணியைக் கட்டிப் படமெடுத்து, பிறகு கணினியில் அந்தப் பச்சையை நீக்கி அவரைப் பறக்க வைத்தார்கள். நடுவில் கேமரா தண்ணீரில் விழுந்தது. அவர்களைப் பற்றி ஃபைஸா அகமது கான் எடுத்த ஆவணப்படத்தில் இதையெல்லாம் பார்க்கலாம். பறப்பதில் ஹாலிவுட்டோடு போட்டி போட முடியுமா? ஆனால் அந்த சூப்பர்மேன் படத்து வில்லனுக்கு ஊரெங்கும் அழுக்கு வேண்டும். அது மாலேகாவின் அழுக்கு. அதை எந்த ஸ்டூடியோவும் எழுதியிருக்காது. நான் மதிப்பெண் போடுவது அதற்குத்தான்.

போட்டியில் ஒரு படம், இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தன் அம்மாவைப் பற்றி ஒரு மாணவி போனில் எடுத்தது. அம்மா உள்ளங்கையால் தண்ணீர் தெளித்துக் கரிப்பெட்டியை அழுத்துகிறார். ஆவி எழுந்து லென்ஸை மூடிவிடுகிறது. அந்தப் பெண் துடைக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. வெள்ளை மெல்ல விலக, அம்மா நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் அதே படத்தில் பாதி வசனம் பஸ் ஹாரனில் மூழ்கிவிட்டது. அதற்குத் தயங்காமல் குறைத்தேன். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் வெறும் 7,000 டாலரில் 'எல் மரியாச்சி' என்ற படத்தை எடுத்தபோது, கேமரா இரைச்சல் போட்டதால் ஷாட் முடிந்ததும் வசனத்தைத் தனியாக டேப்பில் பதிந்துகொண்டார். அதற்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமை போதும். மங்கிய படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், காதில் விழாத பேச்சைப் பொறுக்க மாட்டார்கள்.

முதல் பரிசு வேறொன்றுக்குப் போயிற்று. ட்ரோன், ஸ்லோமோஷன், இடி இடிக்கும் இசை. பார்த்த படங்களின் நிழல் தவிர அதில் எடுத்தவர்களுடையது என்று ஒன்றுமில்லை. "சினிமா மாதிரியே இருக்கிறது" என்றார் உடன் இருந்தவர். வெகுநேரம் வாதாடியும் பயனில்லை.

விழா முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் ஒலியைப் பற்றிச் சொன்னேன். நேற்று அவள் புதிய பதிப்பை அனுப்பியிருக்கிறாள். இன்னொரு போனை அம்மாவின் புடவை மடிப்பில் செருகி, பேசும் காட்சிகளை மட்டும் மறுபடி எடுத்திருக்கிறாள். இப்போது கரி வெடிக்கும் சத்தம்கூடக் கேட்கிறது. பொங்கலுக்கு வருவாய் அல்லவா, இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்