கையெழுத்துக்கு முன் 500 மணி நேரம்: செட்டிநாட்டு மருந்துக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், திருப்பத்தூர் வட்டாரங்களில் மருந்துக்கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அக்கடைகளில் பொறுப்பில் இருக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

நான் மருந்தாளுநருக்கான பட்டயப் படிப்பான டி.பார்ம். படித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்து, காரைக்குடியில் வேலை பார்க்கும் மருந்தாளுநர். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. டி.பார்ம். மாணவர் பயிற்சிப் படிவத்தை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தால், அவரை 500 மணி நேரமும் கடையில் நிற்க வைத்துக் கற்றுக்கொடுங்கள். அவர் நிற்காத நேரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

படிப்பின் அமைப்பு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்துத் தேறியவர் டி.பார்ம். சேரலாம். இரண்டு ஆண்டு வகுப்பும் தேர்வும் முடிந்தபின், மூன்று மாதத்துக்குக் குறையாமல், மருத்துவமனையிலோ உரிமம் பெற்ற மருந்துக்கடையிலோ 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும். அதில் 250 மணி நேரமாவது மருத்துவர் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலேயே கழிய வேண்டும். 1991-ஆம் ஆண்டின் கல்வி ஒழுங்குமுறையில் இருந்த இந்தக் கணக்கு, 2020-இல் புதிய ஒழுங்குமுறை வந்தபோதும் மாறவில்லை. பயிற்சியில் என்னென்ன பழக வேண்டும் என்பதையும் 1991-ஆம் ஆண்டு விதி எழுதியே வைத்திருக்கிறது: சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடுகளை எழுதுவது, சீட்டைப் படித்து அளவு சரிதானா என்று பார்ப்பது, மருந்தைக் கொடுக்கும் முறை, மருந்தைக் கெடாமல் வைக்கும் முறை. பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தில் இரண்டு பயிற்சியாளருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. கூட்டத்தில் கற்றுக்கொள்ள முடியாத வேலை இது என்பதை உணர்ந்தவர்கள்தாம் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த பயிற்சி எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். கடையின் பெயரோ ஊரோ இங்கே தேவையில்லை. நான் அங்கே போனது நான்கு நாள். முதல் இரண்டு நாள் மொத்த வியாபாரியிடமிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்து அடுக்கினேன். மூன்றாம் நாள் வங்கிக்கும் கூரியருக்கும் அலைந்தேன். நான்காம் நாள் உரிமையாளர் என்னை அழைத்து, "எதுக்குத் தம்பி தெனமும் பஸ்ஸுக்குச் செலவழிச்சு வர்றீங்க? மூணு மாசம் கழிச்சு வாங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றார். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கும் அன்று அது மகிழ்ச்சியாகவே இருந்தது. சொன்னபடியே மூன்று மாதம் கழித்துப் போனேன். 500 மணி நேரம் பயிற்சி பெற்றதாகப் படிவம் நிரம்பியது. முத்திரையும் விழுந்தது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், மூட்டுவாதத்துக்கு மதுரையில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி கடைக்கு வந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி மட்டும்தான். சீட்டில் மெதோட்ரெக்சேட்டும் போலிக் ஆசிடும் எழுதியிருந்தன. முதலாவதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். இரண்டாவது, அதன் பக்கவிளைவைத் தணிப்பதற்காக மற்ற நாட்களில் தருவது. கடையில் இருந்த இரண்டுமே சிறிய மஞ்சள் மாத்திரைகள். நான் இரண்டையும் காகித உறையில் போட்டு, மேலே எழுதும்போது மாற்றி எழுதிவிட்டேன். மெதோட்ரெக்சேட் உறையில் 'தினமும் 1' என்று இருந்தது.

அருகில் பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது வாரத்துக்கு ஒருக்கா. இதத் தெனமும் தின்னா ஆச்சிக்கு வாயெல்லாம் வெந்துபோயிரும், ரத்தம் கொறஞ்சுபோயிரும்" என்று ஆச்சி காதில் விழாமல் சொல்லிவிட்டு, வேறு உறை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னது குறைத்துச் சொன்னதுதான். மெதோட்ரெக்சேட்டைத் தவறுதலாக நாள்தோறும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அந்த மருந்தைப் பற்றிப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். கவுண்டருக்கு எதிரே நான்கு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, இந்த மருந்துக்கு மட்டும் கையை நிறுத்தி ஆச்சியிடம் "என்ன கிழமை சாப்பிடுறீங்க?" என்று கேட்டு, அந்தக் கிழமையை உறையில் எழுத வேண்டும் என்ற பழக்கம் எனக்கு வந்திருக்கவில்லை. வந்திருக்க வேண்டிய 500 மணி நேரத்தை நான் வீட்டில் கழித்திருந்தேன்.

அந்த அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடையில் நின்று கற்றவர். 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, சீட்டுக்கு மருந்து கொடுக்கும் தகுதி என்னுடையது. அவர் என் மேற்பார்வையில்தான் மருந்தைத் தொடலாம். சட்டத்தில் பிழையில்லை, அதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் அன்று யார் யாரை மேற்பார்வையிட்டார் என்ற கேள்வி அதன்பின் என்னை விடவே இல்லை.

நம் பக்கத்துக்கு இது புரியாத விஷயம் அல்ல. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிக்கப் போன காலத்தில், பணப்பெட்டி அருகே உட்காரும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பேரேடு எழுதப் பழகி, ஏஜெண்டுக்கு உதவியான அடுத்தாளாகி, அதன் பிறகே ஒருவர் கடையை ஏற்று நடத்தும் ஏஜெண்டு ஆனார். சொந்த மகனையே அடுத்தவர் கடையில் பெட்டியடியில் உட்கார வைத்துப் பழக்கிய குடும்பங்கள் இங்கே உண்டு. வட்டிக் கணக்கில் பிழை வந்தால் பணம் போகும் என்பதற்கே அவ்வளவு பழக்கம் தேவைப்பட்டது.

இதைப் பேசும்போதெல்லாம் உரிமையாளர்களிடமிருந்து எனக்கு வரும் பதில், "அதான் இப்போ எக்ஸிட் எக்ஸாம் வந்துருச்சே, தெரியாதவன் அதுல நின்னுருவான்" என்பது. 2022-இல் விதி அறிவிக்கப்பட்டு, 2024 அக்டோபரில் முதன்முதலாக நடந்த, படிப்பு முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்யும் முன் எழுதும் அந்தத் தேர்வு தேவையானதுதான். மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 50 விழுக்காடு. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் கேள்விகள், ஆங்கிலத்தில். சட்டமும் மருந்தியலும் தெரியுமா என்பதை அது சோதிக்கும். தேவகோட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வரும் பெரியவரிடம், ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லாமல், இரவு மாத்திரையையும் காலை மாத்திரையையும் பிரித்துச் சொல்லத் தெரியுமா என்பதை அந்தத் தாளில் எங்கே சோதிப்பது? மெட்பார்மினையும் மெட்ரோனிடசோலையும் அச்சில் படித்தால் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அவசரக் கையெழுத்தில் முதல் மூன்று எழுத்தும் ஒரு கோடுமாக வரும்போதுதான் குழப்பம். அந்த நேரத்தில் ஊகிக்காமல் மருத்துவருக்குப் போன் செய்யும் துணிவு, செய்பவர் ஒருவரை அருகில் நின்று பார்த்தால்தான் வரும்.

"கற்றுக்கொடுக்க நேரம் எங்கே இருக்கிறது?" என்பது நியாயமான கேள்வி. மாலை ஆறு மணிக்கு மேல் உங்கள் கடைகளில் நிற்கவே இடமிருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தனியாக வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை. நடக்கும் வேலையில் மாணவரைச் சேர்த்துக்கொண்டாலே போதும். முதல் சில வாரம் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், அலமாரியைக் கொடுங்கள். காலாவதித் தேதி முன்னால் வருவது முன்னால் வரும்படி அடுக்கட்டும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைநிலைப் பெட்டியில் வைத்து உறைந்துவிட்டால் அதைக் கொடுக்கவே கூடாது என்பதை, மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையை வெட்டும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் கடைசிவரை கடையில் மிஞ்சும்படி வெட்டுவதற்குக்கூட ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிறகு பதிவேடு. கூடுதல் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்துகளுக்கு நோயாளி பெயர், மருத்துவர் பெயரும் முகவரியும், மருந்தின் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். மாத முடிவில் ஒரே நாளில் நினைவிலிருந்து நிரப்பும் பழக்கம் எத்தனை கடைகளில் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். பயிற்சி மாணவர் கையில் அந்தப் பதிவேட்டைக் கொடுத்து, விற்கும்போதே எழுதச் சொன்னால் அவருக்கும் பழக்கம், உங்களுக்கும் ஆய்வாளர் வரும் நாளில் நிம்மதி.

மீதி 250 மணி நேரம்தான் உயிரானது. சீட்டை மாணவர் முதலில் படித்துச் சொல்லட்டும். மருந்தாளுநர் அதைக் கேட்டுத் திருத்தட்டும். மாணவர் மருந்தை எடுத்து வைக்கட்டும். கொடுக்கும் முன் மருந்தாளுநர் பெயர், வீரியம், எண்ணிக்கை மூன்றையும் மறுபடி பார்க்கட்டும். ஒரு சீட்டுக்கு ஒரு நிமிடம் கூடலாம். வாட்ஸ்அப்பில் சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் சீட்டுக்கு மருந்து கட்டி வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இங்கே பெருகிவிட்டது. அத்தகைய பொட்டலங்களைப் பிரிக்கும்போது ஆச்சிக்கு அருகில் விளக்கம் சொல்ல யாரும் இருப்பதில்லை. அந்தப் பொட்டலத்தின் உறைகளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதும் வேலையைப் பயிற்சி மாணவரிடம் ஒப்படைத்து, அனுப்பும் முன் சரிபாருங்கள்.

ஒரு வேண்டுகோள் உரிமையாளர்களுக்கு மட்டும்: மூன்று மாதமும் வருபவருக்குப் பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள். வராமல் கையெழுத்து வாங்குவதற்கு மாணவர்கள் சொல்லும் முதல் காரணம் செலவுதான்.

அண்ணன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தியல் சட்டம் வந்த காலத்தில், படிப்பு இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டு மருந்து கலந்து கொடுத்து அனுபவப்பட்ட கம்பவுண்டர்களுக்கு முதல் பதிவேட்டில் இடம் கொடுத்தார்கள். அந்தக் கதவு மூடி வெகுகாலம் ஆகிறது. அமெரிக்காவில் மருந்தாளுநருக்குக் கீழே பார்மசி டெக்னீஷியன் என்ற ஒரு படி இருக்கிறது. அங்கே பரவலாக ஏற்கப்படும் ஒரு சான்றிதழ்த் தேர்வை எழுத, அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அல்லது அந்த வேலையில் குறைந்தது 500 மணி நேர அனுபவம் இருக்க வேண்டும். அதே 500 மணி. அங்கே நின்று கற்றதற்கு மதிப்பு இருக்கிறது. இங்கே இருபது ஆண்டு நின்றவருக்கு எந்தத் தாளும் இல்லை. சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அனுபவம் உள்ள உதவியாளர்கள் முறையாகப் படித்துத் தேறி, மருந்தாளுநரின் மேற்பார்வையில் ஒரு பெயரோடும் தகுதியோடும் நிற்பதற்கு இங்கும் ஒரு படி வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் வழியாக அரசிடம் கேளுங்கள். அது வரும்வரை, பயிற்சி மாணவரை அவருக்கு அருகில் நிறுத்துங்கள். படிவத்தில் அவர் பெயருக்கு இடமில்லாவிட்டாலும், கடையில் அவரையும் ஆசிரியர் என்று மாணவருக்கு அறிமுகப்படுத்துங்கள்.

இந்த ஆண்டு தேர்வு முடித்தவர்கள் விரைவில் படிவத்தோடு உங்கள் படியேறுவார்கள். என் பங்காக, மூன்று மாதத்துக்கும் வாரவாரியாக என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பை எந்தக் கடைக்கும் தரத் தயாராக இருக்கிறேன். ஞாயிறு பிற்பகல் எனக்கு ஓய்வு. அழைத்தால் வந்து மாணவர்களோடு இரண்டு மணி நேரம் உட்காருவேன். முதலில் மெதோட்ரெக்சேட் உறையை எழுதச் சொல்வேன்.

இப்படிக்கு,
காரைக்குடி மருந்தாளுநர் ஒருவர்