வாழ்த்துக்கு நன்றி, கூடவே ஒரு வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். காலையிலிருந்து குவிகிற வாழ்த்துகளுக்குத் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்குக் கல்யாணமாகி இன்றோடு 25 வருஷம், வெள்ளி விழாவாம். நேற்று ராத்திரி கல்யாண ஆல்பத்தைப் புரட்டினோம், பாதிப் படங்களில் இவர் கேமராவைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், வர வேண்டிய நண்பர் ஒருவர் கடைசிவரை வரவில்லையாம், இது எனக்கு நேற்றுதான் தெரியும்! எனக்கு அந்த நாளில் ஞாபகம் இருப்பதெல்லாம் புதுச் செருப்பு கடித்தது மட்டும்தான். ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்று முதல் வாரம் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. நடுவில் வேலை போய், உடம்புக்கு முடியாமல் கிடந்த வருஷங்களும் உண்டு, அப்போது இவர்தான் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் மாட்டிய படம் வெயில் பட்டு வெளுத்துவிட்டது. அன்று எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் ஸ்கேன் செய்து, டாக்குமெண்ட்டாகவே அனுப்புங்கள், சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் பிளேயர் யாரிடமாவது ஓடுகிற நிலையில் இருக்கிறதா?