ரேஷன் பையில் காய்கறிக்கும் இடம் வேண்டும்: தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

உணவு, மக்கள் நல்வாழ்வு, சமூக நலத் துறைகளின் அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். இந்த ஏற்பாடு பட்டினியை விரட்டியது. அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தப் பையில் இல்லாததையும், அந்தக் குறை புற்றுநோய்க்கு வழிவிடுவதையும் பற்றியே இந்த மடல்.

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேருக்கு மாதம் 48 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 1,920 ரூபாய், அத்தனையும் கைக்காசு. வேலை கிடைக்காத வாரத்தில் முதலில் வெட்டு விழுவது இதில்தான். பருப்பின் கதையும் பெரிதாக வேறில்லை. ஒரு கிலோவை நான்கு பேருக்கு 30 நாள் பங்கிட்டால் தலைக்கு 8 கிராம் வரும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலோ பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் கேட்கிறது.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? வாய்ப்புற்றுக்கு முதல் காரணம் புகையிலையும் பாக்கும்தான். தினமும் கீரை தின்றால் புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆனால் இரைப்பைப் புற்றில் சாப்பாட்டுத் தட்டின் பங்கு பெரிது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே அது பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. அதன் மூலகாரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே முதல் வகைக் காரணியாக, அதாவது புற்றை உண்டாக்குவது உறுதியான ஒன்றாக, அறிவித்துவிட்டது. நெரிசலான வீட்டிலும் சுத்தமில்லாத தண்ணீரிலும் குழந்தைப் பருவத்திலேயே அது தொற்றுகிறது. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது என்றாலும், யாருக்கு வரும் என்பதில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. மிகுந்த உப்பு இரைப்பையின் உள்சவ்வை அரிக்கிறது. கிருமி அங்கே ஊன்றிக்கொள்கிறது. உணவிலிருந்து வரும் நைட்ரைட், அமீன் என்ற வேதிப்பொருள்கள் இரைப்பையில் கூடி, புற்றைத் தூண்டும் நைட்ரோசமைன்களாக மாறுகின்றன. அந்த மாற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் சி பழத்திலும் பச்சைக் காயிலும் இருக்கிறது. பழைய சோற்றில் ஒரு குற்றமும் இல்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாயும் கருவாடும் மட்டுமே இருப்பதுதான் சிக்கல்: உப்பு ஏறுகிறது, காப்பது வருவதில்லை.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தீவிர இரும்புச்சத்துக் குறை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிலருக்கு உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் மெல்லிய சவ்வு வளர்ந்து, விழுங்குவது கடினமாகும். அதே இடத்தில் புற்று வரும் வாய்ப்பும் கூடும்.

வசதியுள்ளவர்களுக்குப் புற்றுநோய் வராமலில்லை. மார்பகம், பெருங்குடல் என்று அது வேறு உறுப்புகளில் அதிகம் வருகிறது. உடல் பருமனோடு தொடர்புள்ள புற்றுகள் 13. ஆனால் அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், சிகிச்சையைத் தாங்கும் உடலோடு வருகிறார்கள். பரோட்டாவும் பத்து ரூபாய்ப் பாக்கெட்டும் மலிவான வயிற்று நிரப்பிகளாகிவிட்டதால் பருமனும் இப்போது ஏழை வீட்டுக்குள் வந்துவிட்டது.

"காய்கறி சாப்பிடுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவதால் பயன் இல்லை. அது நல்லது என்று தெரியாதவர் எவருமில்லை.

ரேஷன் கடையில் காய்கறி விற்றால் அழுகும் என்பீர்கள். கீரையும் தக்காளியும் அழுகும். ஆகவே அவற்றை அங்கே வைக்க வேண்டாம். பரங்கிக்காய் முழுதாக, காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் தாங்கும். வெட்டிவிட்டால்தான் இரண்டு மூன்று நாளில் கெடும். எனவே 10 கிலோ காயை வாங்கித் துண்டு போடாமல், 2 முதல் 3 கிலோ எடையுள்ள சிறு காய்களையே கொள்முதல் செய்யுங்கள். பீட்ரூட்டையும் கேரட்டையும் இலை நீக்கி அனுப்பினால் வாரம் ஒரு முறை லாரி வந்தாலே போதும். ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கும் மரவள்ளியும் அந்த 400 கிராமில் சேராது. எடை காட்ட எளிது என்று பையை அவற்றால் நிரப்பிவிடும் ஆபத்து உண்டு.

கீரைக்கும் பழத்துக்கும் அட்டையோடு இணைத்த கூப்பன் தாருங்கள். 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகளிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடைகளிலும் அது செல்லட்டும். கூப்பனில் ரூபாயை அச்சிடாதீர்கள், எடையை அச்சிடுங்கள். "100 ரூபாய்" என்றால் விலை ஏறும் மாதத்தில் கூப்பன் சுருங்கிவிடும். "2 கிலோ" என்றால் சுருங்காது. சந்தையில் எழுதிப் போடும் அன்றாட விலைப்படி விற்பவருக்குப் பணம் தரலாம். உழவர் சந்தை பெரும்பாலும் காலைச் சந்தை. சித்தாள் வேலைக்குப் போகிறவர் அந்நேரம் பேருந்தில் இருப்பார். மாலை 5 முதல் 8 வரை கடை இல்லாவிட்டால் கூப்பன் பெட்டியிலேயே கிடக்கும்.

மத்திய அரசின் பள்ளி உணவு விதி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய் என்கிறது. கிராமில் எழுதிய அளவு கடைத்தெருவில் ரூபாயாக மாறும்போதுதான் சாம்பாரில் காய் தேட வேண்டியதாகிறது. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் காய்கறித் தொகையை மாதந்தோறும் சந்தை விலையோடு சேர்த்துத் திருத்துங்கள். பருவத்தில் வாரம் இரண்டு நாள் பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவும் கொடுக்கலாம்: 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, அடுப்பு வேண்டாம், உரிக்க வேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் பணியாளர் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: "ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருது?" ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் என்றால் நான்கு பேருக்கு 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் உப்பு இரட்டிப்பு. ஊறுகாயும் கருவாடும் தனிக் கணக்கு. கருவாட்டை விட்டுவிடச் சொல்ல வேண்டாம், பல வீடுகளில் கட்டுப்படியாகும் புரதம் அதுதான். அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கச் சொன்னால் போதும்.

கடைசிக் கோரிக்கை, புற்றுநோய் வந்தவர்களுக்காக. மெலிந்த உடலுக்குக் கீமோ மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும், இல்லையேல் அடுத்த சிகிச்சைச் சுற்று தள்ளிப்போகும்; இரண்டுமே பலனைக் குறைக்கும். காசநோயாளிகளுக்கு 2018இலிருந்து சத்துணவுக்கென மாதம் 500 ரூபாயும் 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. அதே உதவியை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை பெறுவோருக்கும் நீட்டுங்கள். முதல் நாளே எடையைப் பதிந்து, ஆறு மாதத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவரை ஊட்டச்சத்து நிபுணரிடம் அனுப்புவதைக் கட்டாயமாக்குங்கள். பணம் முதல் கீமோவுக்கு முன்பே கணக்கில் ஏற வேண்டும். மூன்றாம் சுற்று முடிந்து வரும் பணத்தால் எடை திரும்பாது.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து, சமூக மருத்துவத் துறைகளில் பணியாற்றுவோர்