ஐந்து நட்சத்திரக்காரனுக்கு

அன்புள்ள ராகவா,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும். மூர்த்தி வந்தான், வழக்கம்போலக் கடன் கேட்டான், வழக்கம்போலக் கொடுத்தேன். அந்தக் கதை உனக்குத் தெரிந்ததுதான்.

நீ ஒரு பத்திரிகைக்கு ராக் ஆல்பங்களை விமர்சிக்க ஒப்புக்கொண்டாய் என்று அவன்தான் சொன்னான். என்னிடம் ஏன் மறைத்தாய்? திட்டுவேன் என்றுதானே? சரி, திட்டிவிடுகிறேன்.

உனக்குக் குறை சொல்ல வராது. எவன் கிடாரைத் தொட்டாலும் கண்கலங்குகிறவன் நீ. குறை சொல்லும் விமர்சகனால் பெரிய கேடு வந்துவிடாது. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தை 1969இல் ரோலிங் ஸ்டோன் இதழ் கிழித்துப் போட்டது. கூட்டம் குறைந்ததா? 1971இல் நான்காவது ஆல்பத்தின் அட்டையில் குழுவின் பெயரைக்கூட அவர்கள் போடவில்லை. அதுவும் விற்றுக் குவிந்தது. எனக்குப் பயமெல்லாம் புகழ்ச்சியைக் கண்டுதான்.

ஒயாசிஸ் என்ற பிரிட்டிஷ் குழுவுக்கு நடந்ததை நினைத்துப் பார். 1995இல் அவர்களுடைய 'மார்னிங் குளோரி' ஆல்பம் வந்தபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஜனங்களோ அள்ளிக்கொண்டு போனார்கள். மறுவருடம் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் அவர்கள் கச்சேரிக்கு இரண்டே நாளில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். இன்னொரு முறை ஊரோடு ஒவ்வாமல் போய்விடுவோமோ என்ற அச்சம் எழுதுகிறவர்களைப் பிடித்துக்கொண்டது. 1997 ஆகஸ்டில் அடுத்த ஆல்பம் 'பி ஹியர் நவ்' வந்ததும் பிரிட்டிஷ் இதழ்கள் போட்டி போட்டுக்கொண்டு நட்சத்திரங்களை வாரி இறைத்தன. முதல் நாளில் பிரிட்டனில் மட்டும் நான்கு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டால் எழுபத்தொரு நிமிடம், கிடாருக்கு மேல் கிடார். ஒரு பாட்டு ஒன்பது நிமிடம் தாண்டியும் முடிய மனமில்லாமல் ஓடுகிறது. கொஞ்ச காலத்திலேயே பழைய இசைத்தட்டுக் கடைகளில் அது குவிந்துவிட்டது. பிறகு அந்தப் பாட்டுகளை எழுதிய நோயல் கல்லகரே அதைத் தூற்ற ஆரம்பித்தார்.

எனக்கு ஆறாதது அதுவல்ல. 'டோன்ட் கோ அவே' போன்ற நல்ல பாட்டும் அதில்தான் இருக்கிறது. காவியம் என்று கூவாமல் இருந்திருந்தால் அதை நிதானமாகக் கேட்டிருப்பார்கள். ஏமாந்தவன் காதில் நல்ல பாட்டும் ஏறுவதில்லை, ராகவா.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? 2000இல் ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' ஆல்பத்துக்கு ஓரிடத்தில் பத்துக்குப் பத்து, இன்னோரிடத்தில் ஐந்துக்கு ஒன்றரை. உன் அத்தை வீட்டு மொட்டைமாடியில் விடிய விடியச் சண்டை போட்டோமே, இரண்டு பேரில் ஒருவராவது ஆல்பத்தைக் கேட்டிருந்தோமா? நீ அந்த விமர்சனத்தைப் படித்திருந்தாய், நான் இதை.

ஆகவே, எழுது. ஆனால் கேட்ட அன்றைக்கே எழுதாதே. இரண்டு வாரம் கழித்தும் தானாக வாயில் வருகிற பாட்டு எது என்று பார். அவசரப்படுத்தினால் ஆசிரியரிடம் காய்ச்சல் என்று சொல். அந்தக் கலையில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் விமர்சனம் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிடு.

அன்புடன்,
சிவா