இரண்டு அட்டவணையையும் ஒரே மேஜையில் வைத்துப் போடுங்கள்

அயர்லாந்தின் கேலிக் விளையாட்டுகளில் சிறுவர் ஆட்டங்களுக்குத் தேதி குறிக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஆங்கிலத்தில் ஒரு மடல் அனுப்பினேன். "கிடைத்தது, நன்றி" என்று கணினியே பதில் போட்டது. படிக்காத மடல் எந்த மொழியில் இருந்தால் என்ன என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். தமிழில் என்றால் கோபத்தை அடக்கி எழுதவும் எனக்கு வரும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என் மகனுக்கு 14 வயது. மட்டையால் சிறு பந்தை அடிக்கும் ஹர்லிங்கும் ஆடுகிறான், பந்தைக் கையாலும் பிடிக்கும் கேலிக் கால்பந்தும் ஆடுகிறான். இந்தச் சனிக்கிழமை காலை 11 மணிக்கு ஹர்லிங், மதியம் 2 மணிக்கு வேறொரு ஊரில் கால்பந்து. முதல் ஆட்டம் முடிந்ததும் சேறு அப்பிய கால்களோடு பின் சீட்டில் ஏறினான். மடியில் தலைக்கவசம், ஒரு கையில் பாதி கடித்த வாழைப்பழம். ஸ்லிட்டர், அதாவது ஹர்லிங் பந்து, பட்ட கணுக்கால் வீங்கிப்போய், சாக்ஸ் மேலே ஏற மறுத்தது. "அப்பா, வளைவுல மெதுவா போங்க, லேஸ் கட்ட முடியல" என்றான். மைதானம் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. இரண்டாம் பாதியில் நடக்கவே முடியாமல் வெளியே வந்தான்.

அங்கே பயிற்சியாளர் அவன் தோளில் கை வைத்து, அன்பாகத்தான், கேட்டார்: "எதை விடப்போகிறாய்?"

வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் பேசவில்லை. ஹர்லி மட்டையைத் துடைத்து, கைப்பிடியில் பிரிந்திருந்த டேப்பை ஒட்டி, அலமாரி மேல் வைத்துவிட்டான். வழக்கமாக அது கதவோரம் நிற்கும்.

இப்போது 1990க்கு வருகிறேன். கார்க் மாவட்ட அணியின் டெடி மெக்கார்த்தி அந்த ஆண்டு என்ன செய்தார் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். செப்டம்பர் 2, டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டி. பாதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்த கார்க், கால்வே அணியை வென்றது: கார்க் 5-15, கால்வே 2-21; முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. கோலுக்கு மூன்று என்று கூட்டினால் வெறும் 3 புள்ளி வித்தியாசம். செப்டம்பர் 16, அதே மைதானத்தில் கால்பந்து இறுதி. ஒருவர் வெளியேற்றப்பட்டு, மிச்சம் 14 பேரை வைத்துக்கொண்டு மீத் அணியை 0-11, 0-9 என்று கார்க் வீழ்த்தியது. ஒரே ஆண்டில் இரண்டு இறுதியிலும் களத்தில் நின்று இரண்டு சீனியர் பதக்கமும் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு நடுவில் 14 நாள் இருந்தது. என் மகனுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் காரிலேயே போய்விட்டது.

மெக்கார்த்தி ஹர்லிங் ஆடியது சார்ஸ்ஃபீல்ட்ஸ் கிளப்புக்கு, கால்பந்து கிளான்மையருக்கு. கூட்டத்துக்கு நடுவே எம்பி, ஆகாயத்தில் பந்தைப் பறிப்பதில் பேர்போனவர். அந்தத் தாவல் இரண்டு ஆட்டத்துக்கும் பயன்பட்டது. 14 வயதில் அவரிடமும் யாராவது அன்பாக "எதை விடப்போகிறாய்?" என்று கேட்டிருந்தால்? அதே கார்க்கின் ஜாக் லிஞ்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 முதல் 1944 வரை ஹர்லிங், 1945இல் கால்பந்து, 1946இல் மறுபடி ஹர்லிங் என்று வரிசையாக ஆறு ஆண்டு பட்டம். அப்புறம் நாட்டுக்கே பிரதமர். அவருக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருந்திருக்கிறது. நமக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை.

காலம் மாறிவிட்டது என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 1990இல் ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அதனால் ஆட்டங்கள் குறைவு. இன்று ஒரு குழுவில் எல்லோரும் எல்லோரோடும் மோதும் சுழல்முறை ஆட்டங்கள் வந்துவிட்டன. 2022 முதல் இரண்டு இறுதியும் ஜூலையில், ஒரு வாரம் தள்ளி ஒன்று. சீனியர் மட்டத்தில் இன்னொரு மெக்கார்த்தி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2023 ஜூனில் 57 வயதில் அவர் இறந்தபோது, இனி இப்படி ஒருவர் வரப்போவதில்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அஞ்சலி என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பார்த்தால் அட்டவணையே அதைத்தான் சொல்கிறது.

ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது, எல்லாம் ஊர்ப்பற்று என்று பெருமையாகச் சொல்கிறோம். பயிற்சியை மட்டும் சம்பளக்காரர்களுக்கு வைப்பது போல வைக்கிறோம். 14 வயதுப் பையனுக்கு ஜிம், வீட்டுப்பாடம் மாதிரி வீடியோ அலசல், வாட்ஸ்அப்பில் தூக்கக் கணக்கு. எட்டு மணி நேரம் தூங்கச் சொல்லி ஒரு குழுவில் செய்தி வரும்போதே, காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லி இன்னொரு குழுவில் வருகிறது. இரண்டிலும் நான் கட்டைவிரல் போட வேண்டும்.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். ஹர்லிங் தேதி குறிப்பவரும் கால்பந்துத் தேதி குறிப்பவரும் ஒரு மேஜையில் உட்காருங்கள். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே பையன் பெயர் இரண்டிலும் இருந்தால், நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். டீயும் பிஸ்கட்டும் நான் வாங்கி வருகிறேன்.

அடுத்த மாதத் தேதிகள் வெள்ளிக்கிழமை வெளியாகும் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். மட்டை இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது.

பணிவுடன்,
பின் சீட்டில் சேறு துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன்