சவுக்குத் தோப்பில் எங்களைத் தங்க வைத்த ஊருக்கு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க ஊர்ப் பெரியவர்களுக்கும், கரையில் எங்களைத் தாங்கிய தாய்மாருக்கும், தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

கடந்த தை 20 முதல் பங்குனி 5 வரை, 45 நாட்கள், நானும் என் கணவரும் எங்கள் மூன்று நாய்களும் உங்கள் கரையில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தோம். உச்சிப்புளிக்கு வடக்கே, அரியமான் கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் உங்கள் ஊரின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. எழுதினால் ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று நீங்கள் சொன்னது நியாயம். ஆனாலும் நன்றியைப் பலர் அறியச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஊருக்குத் திரும்பி வீட்டுக் கதவைத் திறந்த அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். முடிக்கத்தான் இத்தனை நாளாகிவிட்டது.

என் கணவர் பணி ஓய்வு பெற்றதும் கடலோரத்தில் ஒன்றரை மாதம் இருக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. நாய்களை யாரிடமும் விட்டுவிட்டு வர மனமில்லை. நாய்களோடு வந்தால் அறை தருபவர் இல்லை. எனவே கூடாரம். செவலை சிப்பிப்பாறை இனத்துப் பெண் நாய். கரியனும் மணியும் தெருவில் குட்டிகளாகக் கிடந்து எங்களிடம் வளர்ந்தவை. ஊர்த்தலைவரிடம் முதல் நாள் அனுமதி கேட்கப் போனபோது அவர் எங்களைப் பற்றிக் கேட்டதைவிட நாய்களைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டச் சொன்னார். ஆட்டை விரட்டுமா என்று கேட்டார். செவலை விரட்டும் என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப மந்தை போற நேரத்துக்குக் கட்டிப் போடுங்க" என்று சொல்லி, ஆடுகள் தோப்பைக் கடக்கும் காலை நேரத்தையும் மாலை நேரத்தையும் சொல்லிக் கொடுத்தார். அன்று தொடங்கி 45 நாளும் எங்கள் பொழுது அந்த இரண்டு நேரங்களை வைத்தே நடந்தது.

தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் நீங்கள் அழைப்பதை நாங்கள் கேட்டிருக்கிறோம். பெண்கடல் என்றால் அமைதி என்று நம்பி வந்த எங்களுக்கு, வாடை வீசும் மாதங்களில் இந்தப் பக்கமும் சீறும் என்பது முதல் இரவில்தான் தெரிந்தது. கூடாரத்தின் ஆணிகள் மணலில் நிற்கவில்லை. நள்ளிரவில் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நாய்கள் குரைக்கத் தொடங்கியதும், வலை காவலுக்குப் படுத்திருந்த இரண்டு அண்ணன்மார் டார்ச் விளக்கோடு ஓடி வந்தார்கள். சாக்குகளில் மணல் நிரப்பி, கயிற்றை அவற்றின் நடுவில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் படுக்க வைத்து மூடினார்கள். ஆணியைக் காற்று ஆட்டி ஆட்டிப் பிடுங்கிவிடும், புதைத்த மூட்டையை மேலே கிடக்கும் மணலே அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று வேலை செய்துகொண்டே விளக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளும் கூடாரம் அசையவில்லை. அண்ணன்மாரே, அந்தச் சாக்குகள் உங்கள் கருவாட்டுச் சாக்குகள் என்பதையும், எங்களுக்காக அவற்றைக் காலி செய்தீர்கள் என்பதையும் மறுநாள்தான் அறிந்தோம்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மூன்று நாய்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஆறு லிட்டருக்குக் குறையாமல் நல்ல தண்ணீர் தேவைப்பட்டது; மாசி பிற்பகுதியில் வெயில் ஏறியதும் அதுவும் போதவில்லை. வந்த இரண்டாம் நாளே மணி அலையோரம் நின்று கடல்நீரைக் குடித்துவிட்டு வாந்தியும் கழிச்சலுமாகக் கிடந்தான். அப்போதுதான் ஊற்றுக்குப் போகும் அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கடலுக்கு இருநூறு காலடி தள்ளி, பனைகளுக்கு இடையே, முழங்கால் ஆழத்தில் ஒரு மணற்குழி. அக்கா குந்தி அமர்ந்து சிரட்டையைச் சரித்து, மேலாகக் கசிந்து நிற்கும் நீரை மட்டும் அள்ளிக் குடத்தில் விட்டார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மணலின் ஓரத்திலிருந்து நீர் மெல்லிய நூலாக ஊறி வந்து, குழியின் அடி மறையும் அளவுக்குச் சேர்ந்த பிறகு அடுத்த சிரட்டை. நான் அவசரப்பட்டுக் குழியை ஆழப்படுத்தப் போனபோது தடுத்துவிட்டார். மழைநீர் எடை குறைந்தது, உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, ஆழம் போனால் உவர்ப்பு ஏறி ஊரே அந்த ஊற்றை இழக்கும் என்றார். ஒரு குடம் நிறைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்படிச் சேர்த்த தண்ணீரில் ஒரு பங்கை என் நாய்களுக்குக் கொடுப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. "வாயில்லாச் சீவன், அது யாருகிட்ட போய்க் கேட்கும்" என்று சொல்லித் தம் குடத்திலிருந்தே ஊற்றிக் கொடுத்தார். அக்கா, அன்று முதல் நாய்களின் மேல் உப்புக் கழுவுவதற்கு ஆளுக்கொரு செம்பு நீருக்கு மேல் நாங்கள் செலவழிக்கவில்லை. மற்றதை லாரித் தண்ணீர் வாங்கியே சமாளித்தோம்.

உணவுக்குக் கவலையே இருக்கவில்லை. கரைவலை இழுத்து மடி பிரிக்கும்போது விலை போகாத காரலும் சூடையும் ஒரு கூடை எங்களுக்கென்று ஒதுங்கிவிடும். அதை உப்பின்றி வேகவைத்து, முள்ளை ஆய்ந்து, சோற்றில் பிசைந்து கொடுத்தோம். சவுக்குச் சருகு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் தோப்புக்குள் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி, கடல் பக்கத்து வெறும் மணலில் குழி வெட்டித்தான் சமைத்தோம். முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் நான்கு வரை மணல் காலைச் சுடும். அந்த நேரம் முழுவதும் மூன்றும் நிழலில் குழி பறித்து, அடியில் உள்ள ஈர மணலில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கும்.

ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரத்தில் செவலை கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, வடக்குத் தெரு அத்தையின் கோழி ஒன்றைக் கொன்றுவிட்டாள். பணத்தோடு போய் வாசலில் நின்றேன். அத்தை பணத்தைத் தொடவில்லை. கயிற்றுக்குப் பதிலாகச் சங்கிலி வாங்கு என்று மட்டும் சொன்னார். அத்தை, அந்தக் கோழி அடைக்கு வைத்திருந்த கோழி என்று உங்கள் பேத்தி பின்னர் சொன்னாள். நீங்கள் அதைச் சொல்லாமல் விட்டது என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது.

இனி, இந்த மடலை எழுத வைத்த நாளுக்கு வருகிறேன். மாசி 22. விடிந்து சற்று நேரம். கரையொதுங்கிய கடற்புல் குவியல்களில் கரியன் மோந்துகொண்டு போனான். நான் பின்னால் இருபது முப்பது காலடித் தொலைவில் வந்தேன். அவன் எதையோ கவ்வி மெல்லத் தொடங்கினான். வலையில் சிக்கிய கழிவைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்த அப்பத்தா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி, அந்த வயதில், மணலில் ஓடினார். "பேத்தை தாயி, பேத்தை! விழுங்க விடாத!" என்று கத்திக்கொண்டே கரியனின் மேல் விழுந்து, கால்களுக்கு இடையில் அவனை இடுக்கி, மேல்தாடையை ஒரு கையால் தூக்கி, மறுகையை மணிக்கட்டு வரை வாய்க்குள் விட்டார். வெளியே வந்தது பாதி மென்ற மீன். வெளுத்த வயிறு, சொரசொரப்பான தோல், கிளியின் அலகு போன்ற பல். கரியன் பழக்கமில்லாதவரிடம் அடங்கும் நாய் அல்ல. அப்பத்தாவின் விரல்களில் இரத்தம் வந்தது. அவர் அதைக் கடல்நீரில் அலசிவிட்டு, நாயின் வாயைத் தம் முந்தானையால் துடைக்கத் தொடங்கினார்.

பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் நரம்பை முடக்கும் நஞ்சு உண்டு. வேகவைத்தாலும் அது போவதில்லை. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. நஞ்சு ஏறினால் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். இதையெல்லாம் மருத்துவர் அன்று மாலை சொல்லித்தான் அறிந்தேன். கால் மணி நேரத்தில் கரியனுக்கு எச்சில் வடிந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தான், பின்னங்கால்கள் தள்ளாடின. கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணை அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மீன் ஏற்ற வந்திருந்த ஆட்டோத் தம்பி பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். பனிக்கட்டி உருகினால் அவருடைய அன்றைய வரும்படி போய்விடும். அதை அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. இராமநாதபுரம் வரை இருபது கிலோமீட்டருக்கு மேல். என் கணவர் கரியனின் விலா எலும்புகளில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, நஞ்சின் வேகம் தணியும் வரை மூச்சைக் கண்காணிப்பதே செய்யக்கூடியது என்றார்கள். இளம் மருத்துவர் பணி நேரம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் இரவு ஒன்பது மணி வரை அருகில் இருந்தார். மறுநாள் விடியலில் கரியன் தானாக எழுந்து நின்று தண்ணீர் குடித்தான். விழுங்கியது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும், வாயிலிருந்து பிடுங்கியவர்தான் காப்பாற்றியிருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார்.

அப்பத்தா, உங்கள் கைக்கு ஊசி போட அழைத்தபோது, நாய்க்கு முதலில் பாருங்கள் என்றீர்கள். தடுப்பூசி போட்ட நாய்தான் என்றாலும் பல் பட்டால் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று ஊர்ச் செவிலியர் உறுதியாக நின்றதால்தான் சுகாதார நிலையத்துக்கு வரச் சம்மதித்தீர்கள். அத்தனை தவணைக்கும் உங்களோடு கூடவே வந்த செவிலியர் தங்கைக்கும் என் வணக்கம். உங்கள் விரல் தழும்பை நினைக்காமல் நான் கரியனுக்குச் சோறு வைப்பதில்லை.

மாசி, பங்குனி இரவுகளில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும். பங்குனி ஆமை என்ற பெயரே அதனால்தான். நாய்கள் மோப்பம் பிடித்து முட்டைகளைத் தோண்டிவிடும் என்று வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர் பணிவாக எடுத்துச் சொன்னார். அதன்படி இருட்டியதும் மூன்றையும் கூடாரத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். எங்கள் அடையாள அட்டைகளைச் சரிபார்த்த பிறகு, இரவு ரோந்தில் எங்கள் கூடாரத்தையும் பார்த்துக்கொண்ட கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவலர்களுக்கும் நன்றி.

மணியின் உதட்டில் தூண்டில் முள் மாட்டியபோது, அதைப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளி, கொக்கியைக் கொறட்டால் நறுக்கி எடுத்த வலை பின்னும் பெரியவருக்கும், ஊர் நாய்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து "மோந்து பழகட்டும் அக்கா" என்று ஒரு வாரம் பொறுமையாகப் பழக்கிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

புறப்பட்ட அன்று சாக்குகளைத் தோண்டி எடுத்து, துவைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு தண்ணீர் டிரம்களையும் நைலான் கயிற்றையும் ஊற்றுக்கால் அக்காவிடம் விட்டு வந்திருக்கிறோம். அத்தைக்கு ஒரு சோடி நாட்டுக்கோழி ஆட்டோத் தம்பி வழியாக வந்து சேரும்; இந்த முறை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆடி பிறக்கும் முன் ஒருநாள், கரியனை மட்டும் கூட்டிக்கொண்டு, அப்பத்தாவைப் பார்க்க வருகிறோம்.

நன்றியுடன்,
சவுக்குத் தோப்பில் தங்கியிருந்த இருவரும், செவலை, கரியன், மணியும்